வழுக்கும் கயிற்றில் நிற்கும் முடிச்சு: பாய்ப்படகிலும் வள்ளத்திலும் தேவைப்படும் அடிப்படை முடிச்சுகள், செய்முறையோடு

கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல், முட்டம், சின்னமுட்டம் என்று எந்தத் துறைக்குப் போனாலும் மணலில் சுருண்டு கிடப்பது நீலம், பச்சை, மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் ரோப்புதான். கதம்பையை ஊறப்போட்டு, அடித்து, திரித்த நார்க்கயிற்றை இன்று கடலில் தேடித்தான் பார்க்க வேண்டும். இந்த மாற்றத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நார்க்கயிற்றின் மேல்பரப்பு சொரசொரப்பானது. நனைந்தால் ஊதி இறுகும். அரைகுறையாகப் போட்ட முடிச்சைக்கூட அது பிடித்துக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் எனப்படும் இந்தப் பிளாஸ்டிக் கயிறு அப்படியில்லை. அது வழுவழுப்பானது, விறைப்பானது, வளைத்தால் பழைய நிலைக்கே திரும்பப் பார்க்கும். தாத்தா போட்ட அதே முடிச்சை அதே அளவில் இன்றைய கயிற்றில் போட்டால், அலையின் ஆட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நுனி உள்ளே போய், ஒரு கட்டத்தில் அவிழ்ந்துவிடும்.

அதனால் ஒவ்வொரு முடிச்சுக்கும் மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்: எதற்கு, எப்படி, வழுக்கும் கயிற்றில் என்ன மாற்றம். பெயர்களை சாரணர் முகாமிலும் படகோட்டப் பயிற்சியிலும் சொல்வதுபோலவே வைத்திருக்கிறேன். பவ்லைன், ஷீட் பெண்ட் போன்றவை ஆங்கிலத்தில் மாலுமிகள் வழங்கும் பெயர்கள்.

தொடங்கும் முன்

10 மில்லிமீட்டர் தடிமனில் மூன்று மீட்டர் கயிறு ஒன்றும், 6 மில்லிமீட்டரில் இரண்டு மீட்டர் கயிறு ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டும் வேறு வேறு நிறமாக இருந்தால் எது எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

நான்கு சொற்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவேன். கையில் வைத்து வேலை செய்யும் முனை நுனி. பாரம் தாங்கும் மறுபக்கம் நிலைக்கயிறு. கயிற்றை மடக்கினால், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் இருக்கும் வரை அது வளைவு. ஒன்று மற்றதைக் குறுக்கே கடந்துவிட்டால் அது வளையம்.

எந்த முடிச்சையும் இரண்டு கேள்விகளால் சோதிக்க வேண்டும். பாரம் விழும்போது நிற்குமா? பாரம் போனபின் கையால் அவிழ்க்க வருமா? நிறையப் பேர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். ஏழெட்டு சுற்று சுற்றி, அதன்மேல் மூன்று முடிச்சு போட்டால் நிற்கத்தான் செய்யும். ஆனால் தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில் அலை எழும்பும்போது ஒரு கயிற்றை உடனே விட வேண்டியிருந்தால் கத்தியைத்தான் தேட வேண்டும். கத்தி படகில் இருக்கத்தான் வேண்டும், கைக்கெட்டும் இடத்தில். ஆனால் நல்ல முடிச்சு கத்திக்கு வேலை வைக்காது.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். முடிச்சு போட்ட கயிறு, போடாத கயிற்றைவிட பலம் குறைந்தது. வளையும் இடத்தில் நார்களில் சில அதிகமாக இழுபடும், சில சும்மா இருக்கும். பெரும்பாலான முடிச்சுகளில் கயிற்றின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சிலவற்றில் பாதியே போய்விடும். கயிற்றின் தடிமனைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

பவ்லைன்: முதலில் கற்க வேண்டியது

ஒரே ஒரு முடிச்சுதான் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். கயிற்றின் முனையில் சுருங்காத ஒரு கண்ணியை இது உண்டாக்குகிறது. பாய்ப்படகில் முன்பாயின் மூலையில் கயிறு கட்டுவதற்கும், துறையில் படகைக் கட்டும் குட்டைத் தூணான கட்டைக்குண்டின் மேல் போடும் கண்ணிக்கும், தண்ணீரில் விழுந்தவரை இழுப்பதற்கும் இதுதான். ஆளை இழுக்க உருவாஞ்சுருக்கைப் போட்டால் அது நெஞ்சை நெரித்துவிடும். பவ்லைன் கண்ணி போட்ட அளவிலேயே நிற்கும்.

1. உங்களுக்கு வேண்டிய கண்ணியின் சுற்றளவை அளந்து, அதற்கு மேல் ஒரு முழம் நுனியை விட்டுப் பிடியுங்கள். இடது கையில் நிலைக்கயிறு, வலது கையில் நுனி.

2. இடது கை பிடித்த இடத்தில் ஒரு சின்ன வளையம் போடுங்கள். நுனிப் பக்கம் போகும் கயிறு நிலைக்கயிற்றின் மேலே படுத்திருக்க வேண்டும். எல்லாத் தப்பும் நடப்பது இந்த இடத்தில்தான்.

3. நுனியைக் கட்ட வேண்டிய பொருளைச் சுற்றிக் கொண்டுவந்து, சின்ன வளையத்துக்குள் அடியிலிருந்து மேலே விடுங்கள்.

4. நிலைக்கயிற்றின் பின்பக்கமாகச் சுற்றுங்கள்.

5. அதே வளையத்துக்குள் மேலிருந்து கீழே இறக்குங்கள்.

6. நுனியையும் அதை ஒட்டிய கண்ணிக் கயிற்றையும் ஒரு கையில் சேர்த்துப் பிடித்து, நிலைக்கயிற்றை மறு கையால் இழுத்து இறுக்குங்கள்.

இப்போது பாருங்கள். நுனி கண்ணியின் உட்பக்கம் இருக்க வேண்டும். நிலைக்கயிற்றைச் சுற்றி ஒரு சின்னக் கழுத்துப்பட்டி போல வளைவு தெரிய வேண்டும். இரண்டாம் படியில் நுனி அடியில் போயிருந்தால், இழுத்தவுடன் எல்லாம் கலைந்துவிடும், அல்லது சுருக்காக மாறிவிடும். ஆகவே பாரம் போடும் முன் ஒருமுறை வெடுக்கென்று இழுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

அவிழ்க்க, அந்தக் கழுத்துப்பட்டி வளைவைக் கட்டைவிரலால் நிலைக்கயிற்றின் வழியே பின்னோக்கித் தள்ளுங்கள். எவ்வளவு பாரம் தாங்கியிருந்தாலும் தளர்ந்துவிடும். பவ்லைனின் பெருமையே இதுதான்.

குறை இரண்டு உண்டு. பாரம் இருக்கும்போது இதைப் போடவும் முடியாது, அவிழ்க்கவும் முடியாது. அடுத்து, பாரம் வந்து வந்து போனால், விறைப்பான பிளாஸ்டிக் கயிற்றில் இது தானே தளரும். அதற்கு மாற்று: இரண்டாம் படியில் ஒரு வளையத்துக்குப் பதில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வளையம், இரண்டும் ஒரே திசையில் போட்டு, நுனியை இரண்டுக்குள்ளும் சேர்த்து விடுங்கள். மற்றதெல்லாம் அப்படியே. நுனியையும் தாராளமாக விட வேண்டும். நார்க்கயிற்றில் தடிமனைப்போல் பத்து மடங்கு போதும். பிளாஸ்டிக்கில் ஒரு சாணுக்குக் குறையாமல் விடுங்கள். நம்ம ஊர்ப் பெரியவர்கள் “வாலப் பாருலே மக்கா” என்று இளசுகளை அதட்டுவது சும்மா இல்லை.

ஒரு கையால் போடும் முறையையும் கட்டாயம் பழகுங்கள். மறு கையால் எதையாவது பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் இடுப்பில் கயிறு கட்டும் தேவை வரும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலில் கவிழ்ந்த வள்ளங்களைப் பற்றிக்கொண்டு மணிக்கணக்கில் கிடந்தவர்கள் நம் கடலோரத்தில் எத்தனையோ பேர். அவர்களை நினைத்தாவது இதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

நிலைக்கயிறு உங்களுக்கு எதிரே இருக்கட்டும். நுனி இடப்பக்கமாகப் போய், முதுகைச் சுற்றி, வலது கைக்கு வரட்டும். ஒரு சாண் நுனி வெளியே நீட்டியிருக்கும்படி பிடித்து, கையை நிலைக்கயிற்றின் மேல் குறுக்காக வையுங்கள். அப்படியே மணிக்கட்டைக் கீழே இறக்கி, நிலைக்கயிற்றுக்கு அடியில் நுழைத்து, உங்கள் வயிற்றுப் பக்கமாக மேலே கொண்டுவாருங்கள். கை ஒரு வளையத்துக்குள் மாட்டியிருக்கும், நுனி அதற்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும். விரல்களால் நுனியை நிலைக்கயிற்றின் பின்னால் தள்ளி, மறுபக்கம் பிடித்து, நுனியோடு கையை வளையத்திலிருந்து உருவுங்கள். முடிந்தது. முதலில் கண்ணைத் திறந்துகொண்டும், பிறகு மூடிக்கொண்டும், கடைசியில் கை நனைந்த நிலையிலும் பழக வேண்டும்.

ஷீட் பெண்ட்: இரண்டு கயிற்றை இணைக்க

தடிமன் வேறுபடும் இரண்டு கயிறுகளை இணைக்க இதைவிட எளியது இல்லை. தடித்த கயிற்றின் முனையை மடக்கி ஒரு வளைவு ஆக்குங்கள். மெல்லிய கயிற்றின் நுனியை அந்த வளைவுக்குள் அடியிலிருந்து மேலே விட்டு, வளைவின் இரண்டு கால்களையும் சேர்த்துப் பின்னால் சுற்றி, முன்னால் வந்து, தன்னுடைய கயிற்றுக்கே அடியில் சொருகுங்கள். வளைவுக்குள் மறுபடி விடக் கூடாது. இரு நுனிகளும் ஒரே பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, நான்கு பக்கமும் இழுத்து இறுக்குங்கள்.

இந்த முடிச்சைப் பார்க்க நீங்கள் எங்கும் போக வேண்டாம். கடலோர வீட்டுத் திண்ணையில் வலை ஊசியோடு உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்துகிறவரின் விரல்களைக் கவனியுங்கள். ஒவ்வொரு கண்ணிக்கும் அவர் போடுவது இதே முடிச்சுதான். மேல்கண்ணியின் வளைவுக்குள் ஊசி நுழைகிறது, பின்னால் சுற்றுகிறது, தன் நூலுக்கு அடியில் வருகிறது, சின்ன விரலால் ஓர் இழுப்பு. வலைக் கம்பெனிகளில் இயந்திரம் போடும் முடிச்சின் அடிப்படையும் இதுதான். ஒரு வலையில் இலட்சக்கணக்கில் இந்த முடிச்சு இருக்கிறது, அத்தனையும் மீனின் துள்ளலைத் தாங்குகிறது. பவ்லைனும் ஷீட் பெண்டும் ஒரே உருவம்தான் என்பதையும் கவனியுங்கள். முதலாவதில் கயிறு தன்னோடு பிணைகிறது, இரண்டாவதில் இன்னொரு கயிற்றோடு. ஒன்று கைக்கு வந்துவிட்டால் மற்றதைக் கற்க அதிக நேரம் ஆகாது.

வழுக்கும் கயிறுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் வலையிலேயே விடை இருக்கிறது. ஒற்றை நரம்பாக இருக்கும் தங்கூசி வலையில் முடிச்சு நகர்ந்துவிடும் என்பதால் ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று போட்டு இரட்டை முடிச்சாகப் பின்னுவார்கள். நாமும் அப்படியே செய்ய வேண்டும்: மெல்லிய கயிற்றை வளைவின் கால்களைச் சுற்றி இரண்டு முறை கொண்டுபோய், இரண்டு முறையும் தன் கயிற்றுக்கு அடியிலேயே சொருகுங்கள். தடிமன் வித்தியாசம் அதிகமானாலும், கயிறு பிளாஸ்டிக்காக இருந்தாலும் இரட்டைதான். ஒற்றை ஷீட் பெண்ட், பாரம் இல்லாமல் ஆடிக்கொண்டே இருந்தால் கழன்றுவிடும்.

முழுச்சுற்றும் இரண்டு அரைக்கட்டும்: படகைக் கட்ட

தூண், வளையம், கம்பி எதில் கட்டினாலும் இது நம்பகமானது. நுனியைத் தூணைச் சுற்றி இரண்டு முறை கொண்டுவாருங்கள். அது முழுச்சுற்று. பிறகு நுனியை நிலைக்கயிற்றின் மேல் கொண்டுபோய், சுற்றி, உண்டான இடைவெளிக்குள் விட்டு இழுத்தால் ஓர் அரைக்கட்டு. அதே திசையில் இன்னொன்று. திசை மாறினால் பிடிப்பு குறையும்.

பாரத்தைத் தாங்குவது அந்த முழுச்சுற்றின் உராய்வு. அரைக்கட்டுகள் நுனியைக் காவல் காக்க மட்டும்தான். ஆகவே படகு இழுத்துக்கொண்டிருக்கும்போதே போடலாம், இழுத்துக்கொண்டிருக்கும்போதே அவிழ்க்கலாம், கயிற்றைக் கட்டுப்பாட்டோடு விடவும் செய்யலாம். பவ்லைனால் முடியாத வேலை இது. கன்னியாகுமரி படகுத்துறையில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகு வந்து அணையும்போது ஊழியர் கயிற்றைக் கட்டைக்குண்டில் சுற்றுவதைக் கவனித்துப் பாருங்கள். அலை படகை இழுக்கும் இழுப்பைக் கையால் யாரும் நிறுத்த முடியாது. அந்தச் சுற்று நிறுத்துகிறது. பிளாஸ்டிக் கயிற்றில் மூன்று சுற்று, மூன்று அரைக்கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துறைமுகத்தில் ஒரே குண்டில் பல படகுகளின் கண்ணி விழும். அப்போது ஒரு மரியாதை உண்டு. ஏற்கெனவே கிடக்கும் கண்ணிக்குள் உங்கள் கண்ணியை அடியிலிருந்து மேலே விட்டு, அதன் பிறகு குண்டின் தலையில் போடுங்கள். யார் முதலில் கிளம்பினாலும் மற்றவர் கயிற்றைத் தொடாமல் எடுத்துக்கொள்ளலாம்.

நங்கூரக் கட்டு

மேலே சொன்னதையே ஒரு சின்ன மாற்றத்தோடு போட்டால் நங்கூர வளையத்துக்கு ஏற்றதாகிவிடும். முழுச்சுற்றை இறுக்காமல் கொஞ்சம் தளர்வாக விடுங்கள். முதல் அரைக்கட்டின் நுனி, நிலைக்கயிற்றைச் சுற்றி வந்தபின் அந்த இரண்டு சுற்றுகளுக்கும் அடியில் நுழைய வேண்டும். பாரம் விழ விழ சுற்றுகள் நுனியை வளையத்தோடு அமுக்கும். பிறகு வழக்கமான அரைக்கட்டு ஒன்று. மிச்ச நுனியை நிலைக்கயிற்றோடு சேர்த்து மெல்லிய நூலால் சுற்றிக் கட்டிவிடுங்கள். கடலடியில் இருக்கும் முடிச்சை நாம் போய்ப் பார்க்க முடியாது என்பதால் இந்த நூல் கட்டைத் தவிர்க்கக் கூடாது.

முடிச்சு நன்றாக இருந்தும் நங்கூரம் இழுபடுகிறது என்றால் பெரும்பாலும் கயிறு போதாது. ஆழத்தோடு தண்ணீருக்கு மேல் அணியத்தின் (படகின் முன்முனையின்) உயரத்தையும் கூட்டி, அதைப்போல் ஐந்திலிருந்து ஏழு மடங்கு கயிறு விட வேண்டும். கூட்டுத்தொகை 5 பாகம் (ஒரு பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம்) என்றால் 25 முதல் 35 பாகம். கயிறு கிடையாக இழுத்தால்தான் நங்கூரத்தின் கொழு மண்ணில் இறங்கும், செங்குத்தாக இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வரும். நங்கூரத்துக்கு நைலான் நல்லது. அது நீண்டு கொடுத்து அலையின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், தண்ணீரில் மூழ்கவும் செய்யும். பாலிப்ரொப்பிலீன் மிதக்கும், அடுத்த படகின் விசிறியில் (புரொப்பல்லரில்) சிக்கும்.

மற்றவை

எட்டு முடிச்சு கயிற்றின் கடைசியில் போடுவது, கப்பியிலிருந்து உருவிப் போகாமல் இருக்க. நுனியை நிலைக்கயிற்றின் மேல் கொண்டுபோய், அதன் பின்னால் சுற்றி, முதலில் உண்டான வளையத்துக்குள் மேலிருந்து விட்டால் எட்டு உருவம் வரும். சாதாரண ஒற்றை முடிச்சைப்போல் கெட்டிப்பட்டுப் போகாது. பாயைப் பிடிக்கும் கயிறுகளில் ஒரு சாண் நுனி விட்டுப் போடுங்கள்.

குளோவ் ஹிட்ச் போடுவது நொடி வேலை. கம்பியைச் சுற்றி ஒரு சுற்று, முதல் சுற்றைக் குறுக்கே கடந்து இரண்டாவது சுற்று, நுனியை அந்தக் குறுக்குக்கு அடியில் விடுங்கள். படகின் விலாவில் டயர் தொங்கவிடுவதற்கு நல்லது, உயரத்தைக் கூட்டிக் குறைக்க வசதி. ஆனால் இதில் படகைக் கட்டி விட்டுப் போக வேண்டாம். இழுப்பின் திசை மாறினால் நகர்ந்துகொண்டே போகும். பிளாஸ்டிக் கயிற்றில் டயருக்குக்கூட மேலே ஓர் அரைக்கட்டு சேர்த்துவிடுங்கள்.

ரீஃப் முடிச்சு, வலதை இடதின் மேல் போட்டு, பிறகு இடதை வலதின் மேல். காற்று கூடும்போது பாயின் ஒரு பகுதியைச் சுருட்டிக் கட்டுவதற்கான முடிச்சு இது. இந்த வேலைக்கு மட்டும்தான். இரண்டு கயிற்றை இணைத்து இழுப்பதற்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். ஒரு நுனியைப் பிடித்து நேராக இழுத்தாலே முடிச்சு புரண்டு, மற்ற கயிறு வழுக்கி வந்துவிடும். இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்து பாருங்கள். பார்த்தபின் இணைப்புக்கு இரட்டை ஷீட் பெண்ட்தான் போடுவீர்கள்.

கிளீட் எனப்படும் இரட்டைக்கொம்புப் பிடியில் கயிற்றை முதலில் தூரத்துக் கொம்பைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். அடியில் ஒரு முழுச்சுற்று, பிறகு எட்டு வடிவில் ஒன்றிரண்டு முறை, கடைசியில் நுனி அடியில் போகும்படி ஒரு திருப்பு. பக்கத்துக் கொம்பில் தொடங்கினால் கயிறு தன்னையே நெரித்து மாட்டிக்கொள்ளும். பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றில் அந்தக் கடைசித் திருப்பைப் போடாதீர்கள். திடீர்க் காற்று அடித்தால் ஒரே இழுப்பில் விட வேண்டியது அந்தக் கயிறுதான். நம் மாவட்டத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றின் வேகம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ரோலிங் ஹிட்ச் அதிகம் பேர் கற்காதது, ஆனால் சிக்கலான நேரத்தில் கை கொடுப்பது. இழுப்பில் இருக்கும் ஒரு கயிற்றின் நடுவில் இன்னொரு கயிற்றைக் கட்டி, பாரத்தை அதற்கு மாற்ற உதவும். உதவிக் கயிற்றை, இழுக்கப்போகும் திசையின் பக்கமாக இரண்டு முறை சுற்றுங்கள். இரண்டு சுற்றும் தன்னுடைய நிலைக்கயிற்றைக் கடந்து போக வேண்டும். பிறகு மறுபக்கம் ஓர் அரைக்கட்டு. இரண்டு சுற்றும் ஏற்கெனவே சொன்ன உராய்வைத்தான் நம்பியிருக்கின்றன என்பதால் வழுக்கும் கயிற்றில் நான்கு சுற்றாவது வேண்டும்.

கட்டிப்போட்ட படகும் கயிற்றின் ஆயுளும்

மீன்பிடித் தடைக்காலத்தில் கிழக்குப் பக்கம் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குப் பக்கம் முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகள் கட்டியே கிடக்கும். 61 நாள் ஒரே இடத்தில் உரசினால் எந்தக் கயிறும் தேயும். கயிறு விளிம்பில் உரசும் இடத்தில் பழைய தண்ணீர்க் குழாயைப் பிளந்து மாட்டுங்கள், வாரம் ஒருமுறை கயிற்றை ஒரு முழம் நகர்த்திக் கட்டுங்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை வந்தால் படகுகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டி, கயிற்றுக்குக் கூடுதல் தளர்வு கொடுத்து, கட்டுகள் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். காற்றே இல்லாத நாளில் தூரத்திலிருந்து வரும் அந்த நீண்ட அலை படகை மெதுவாகத் தூக்கி, மெதுவாக இழுக்கும். இறுக்கமாகக் கட்டிய கயிறுதான் அப்போது முதலில் அறும். இழுபடும் கயிற்றுக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. அறுந்த நைலான் திரும்பி வரும் வேகம் எலும்பை முறிக்கும்.

வெட்டிய பிளாஸ்டிக் கயிற்றின் முனையைத் தீயில் காட்டி உருக்கி ஒட்டலாம். உருகிய முனையை விரலால் அமுக்காதீர்கள், தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஈரத் துணியோ கரண்டியின் பின்பக்கமோ போதும். அதன்மேல், கயிற்றின் தடிமனைப்போல் ஒன்றரை மடங்கு நீளத்துக்கு மெழுகு தடவிய நூலால் இறுக்கிச் சுற்றிவிட்டால் முனை பிரியாது. உப்பு படிந்த கயிற்றை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். வெயில் பட்டு வெளுத்து, கையால் தேய்த்தால் மாவு மாதிரி உதிரும் கயிற்றையும், முறுக்கைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே அறுந்த இழைகள் தெரியும் கயிற்றையும் படகிலிருந்து எடுத்துவிடுங்கள். துண்டுகளைக் கடலில் எறியாமல் கரைக்குக் கொண்டுவந்து போடுங்கள்.

பழகும் வரிசை என்று கேட்டால்: முதலில் பவ்லைன், அதிலிருந்து ஷீட் பெண்ட், அப்புறம் முழுச்சுற்று, அதிலிருந்து நங்கூரக் கட்டு. இந்த நான்கும் இருட்டில் கை தடுமாறாமல் வரும்வரை மற்றவற்றுக்குப் போக வேண்டாம்.